பேர் கூப்பிடாத வீடு

மலாக்காவில், காஜா பெராங்கில், எனக்கு ஒரு வீடு இருந்தது. சொந்த வீடும் இல்லை, சொந்தக்காரர் வீடும் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை, போகியன்று, அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவேன். அந்த வீட்டில் யாருக்கும் என் பேர் தெரியாது. தெரியக்கூடாது என்பது அந்த வீட்டு அம்மாவின் கட்டளை. அவருடைய பேரும் எனக்குத் தெரியாது. அத்தனை வருஷம் போய்வந்தீர்களே, பேர்கூடவா கேட்டுக்கொள்ளவில்லை என்று என் மனைவி இன்றைக்கும் இடித்துக்காட்டுவாள். கேட்டிருந்தால் மறு வருஷம் அந்தப் படியில் கால் வைத்திருக்க முடியாது. அவளுக்கு அது புரியாது.

நான் அவரை 'மாக்சிக்' என்று கூப்பிட்டேன். மலாயில் சின்னம்மா வயதுள்ள யாரையும் அப்படிக் கூப்பிடலாம். குள்ளமான பெண்மணி. சாரோங், வெள்ளைக் கெபாயாச் சட்டை, நெற்றியில் திருநீறு, பின்கொண்டையில் குத்திய ஊசிகள். மடித்த வேட்டியின் விளிம்பைப்போல உதடுகளை அழுத்தி மூடியிருப்பார். அந்த உதடுகளிலிருந்து மனிதர் பேர் எதுவும் வெளியே வந்து நான் கேட்டது மிகச் சில தடவைதான். அந்தச் சில தடவையும் நல்ல காரணத்துக்காக இல்லை.

வீட்டில் அவருடைய தம்பி குடும்பம் இருந்தது. தம்பி பிள்ளைகளை அவர் 'உயரமானது', 'பல் விழுந்தது', 'அழுமூஞ்சி' என்றுதான் கூப்பிடுவார். அந்த உயரமானது வளராமல் நின்று, அழுமூஞ்சி அதைவிட உயரமாகிப்போன பிறகும் அதே பட்டம்தான். பூனை ஒன்று இருந்தது. அதற்குப் பேர் வைக்கப் பிள்ளைகள் கெஞ்சினார்கள், மாட்டேன் என்றுவிட்டார்.

வாசலில் நின்று யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தடவைக்குத் திரும்ப மாட்டார், இரண்டாம் தடவைக்கும் மாட்டார். தபால்காரர் சைக்கிள் மணியை மட்டும் அடிக்கப் பழகிக்கொண்டார். சுதந்திரம் வந்த பிறகு எல்லோருக்கும் அடையாள அட்டையை மாற்றிக் கொடுத்தார்களே, அப்போது ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து இவர் பேரை உரக்க வாசித்து, இது நீங்கள்தானே என்று கேட்டாராம். இவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிட்டார். காது கேட்காத பெண்மணி என்று குறித்துக்கொண்டு அந்த அதிகாரி போய்விட்டதாகத் தம்பி சொல்லிச் சிரிப்பார்.

ஒருமுறை நான் பார்க்கவே நடந்தது இது. பொழுது சாய்கிற நேரம். எதிர்வீட்டுப் பெண், விளையாடப் போன பிள்ளையைப் பேர் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தாள். மாக்சிக் அடுப்படியிலிருந்து அகப்பையோடு எழுந்து போனார். அவர் பேசியது மலாய். நான் தமிழில் எழுதுகிறேன்.

"அதோட கையப் புடிச்சு இழுத்துட்டு வா. காலப் புடிச்சு இழுத்துட்டு வா. வாயால கூப்புடாத."

"கூப்பிட்டா என்ன ஆகும், மாக்சிக்?"

"கூப்புட்டா வரும். யாரு வருவாங்கன்னு ஒனக்குத் தெரியுமா?"

எதிர்வீட்டுப் பெண் சிரித்தாள். ஆனால் கூவவில்லை. நடந்து போய்ப் பிள்ளையைக் கையோடு பிடித்துக்கொண்டு வந்தாள்.

தம்பி மலாக்கா ஆஸ்பத்திரி ஒன்றில் டிரெஸ்ஸர். புண்ணுக்குக் கட்டுப் போடுகிற வேலை. எஸ்டேட்டிலிருந்து வரும் தமிழ் நோயாளிகளோடு பேசிப் பேசித் தமிழ் கற்றுக்கொண்டவர். அவர்தான் எனக்கு விளக்கம் சொன்னார்.

"அக்காவுக்குப் பேர்ங்கிறது கயிறு மாதிரி தம்பி. ஒரு முனை அந்த ஆள் கழுத்துல இருக்கு. இன்னொரு முனைய நாம தூக்கி வெளிய போடுறோம். யாரு கையில மாட்டும்னு தெரியாது லா."

இந்தப் பழக்கம் அவருக்குப் பிறவியிலேயே இருந்ததில்லையாம். சின்ன வயதில் தெருவே அதிரக் கூப்பிடுவாராம். எப்போது விட்டார் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். சரியாகச் சொன்னால், நானேதான் அதற்குக் காரணம்.

நான் நாகப்பட்டினத்துக்காரன். மீசை அரும்பிய வயதில் சிங்கப்பூர் வந்து பெரியப்பாவின் ஜவுளிக்கடையில் சேர்ந்தேன். பெரியப்பா நல்லவர், ஆனால் என் தலைமுடியை எப்போது வெட்டவேண்டும் என்பதுவரை அவரே முடிவு செய்வார். தெருவில் எனக்குத் தெரியாமல் ஒரு டீ குடிக்க முடியாது, கடைக்கு வருகிறவர் எல்லோரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், பெரியப்பாவிடம் போய்ச் சொல்லவும் செய்வார்கள். மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முந்தின பொங்கலுக்குக் கடை அடைத்தபோது, தனியாக மலாக்கா போய்ச் சுற்றிப் பார்த்து வருகிறேன் என்றேன்.

"அங்க யாரத் தெரியும் ஒனக்கு?"

"யாரையும் தெரியாது."

"அப்பறம் எதுக்குப் போறே?"

"அதுக்குத்தான்."

பெரியப்பா பஸ் செலவுக்குக் காசு எடுத்துக் கொடுத்தார். பெரியம்மா சோறு கட்டிக்கொடுத்தார். அந்தப் பொட்டலத்தை வழியில் சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். காட்டில் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாது என்று அப்போதெல்லாம் பஸ்ஸில் சோறு கொண்டுபோக விடமாட்டார்கள். ஆக, என் முதல் தனிப்பயணத்தில் வெறும் வயிற்றோடு மலாக்காவில் இறங்கினேன்.

அந்தப் பகல் பொழுதை நான் மறக்கவே மாட்டேன். ஆற்றங்கரையில் டச்சுக்காரர் காலத்துச் சிவப்புக் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மேட்டின்மேல் ஏறிக் கூரையில்லாத தேவாலயத்துக்குள் நின்றேன். சுவரில் சாய்த்து வைத்திருந்த கல்லறைக் கற்களில் புரியாத எழுத்துகளைத் தடவிப் பார்த்தேன். கீழே கடல் பளபளவென்று கிடந்தது. வழியில் போகிற ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த ஊரில் என் பேர் ஓர் உயிருக்கும் தெரியாது என்று நினைத்தேன். உடம்பே லேசாகிவிட்டது. வாய்விட்டுச் சிரித்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பு எனக்கே நன்றாகப் படவில்லை.

யாரிடமும் வழி கேட்பதில்லை என்று ஒரு வீம்பு. அதனால் கால் போன பக்கம் நடந்து, வெயில் தாழ்கிற நேரத்தில் ஒரு தமிழ் முஸ்லிமின் டீக்கடையில் போய் விழுந்தேன். சாப்பாடு தீர்ந்துவிட்டது, டீதான் இருக்கிறது என்றார்.

"நாகப்பட்டினமா? பேச்சுல தெரியுதே. நேரா காஜா பெராங் போங்க தம்பி. செட்டிங்க இருக்காங்க, அந்தக் காலத்துல வந்த தமிழ் யாவாரிங்க வம்சம். கோயிலு, சாமி எல்லாம் ஒங்களதுதான், பேச்சு மட்டும் மலாய். இன்னிக்கி போகி. அவங்களுக்குப் பெரிய நாளு."

"வெளியாள் போனா சேத்துக்குவாங்களா?"

அவர் டீ ஆற்றுவதை நிறுத்தினார். "சேத்துக்குவாங்க. ஆனா இருட்டுக் கட்டறதுக்குள்ள திரும்பிருங்க. இன்னிக்கி அங்க விருந்தாளி நெறைய வருவாங்க."

விருந்தாளி வந்தால் என்ன, கூட்டம்தானே என்று நான் நினைத்தேன்.

நான் அந்தக் குடியிருப்புக்குள் நுழைந்தபோது கூட்டம் இல்லை. ஓர் ஆள்கூட இல்லை. எல்லா வீட்டுக் கதவும் விரியத் திறந்திருந்தது. வாசலில் வெள்ளைத் திரை தொங்கியது. சாம்பிராணியும் பொரித்த மீனும் கலந்த வாசனை. அடுப்பில் பாத்திரம் உரசுகிற சத்தமில்லை, பிள்ளைகள் சத்தமில்லை, நாயும் குரைக்கவில்லை. அத்தனை பெரிய பண்டிகை நாளில் ஒரு தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தால் எப்படியிருக்கும்? என் செருப்புச் சத்தம் எனக்கே அதிகமாகக் கேட்டது. திரும்பிப் போயிருக்கலாம். பசி விடவில்லை.

அப்போது ஒரு பெண்ணின் குரல் கேட்டது. பேர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒரு பேர், பிறகு ஓர் இடைவெளி, பிறகு அடுத்த பேர். பிள்ளைகளைக் கூப்பிடுகிற குரல் இல்லை. தூரத்தில் நிற்கும் பெரியவர்களைச் சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிடுவதுபோல மரியாதையாக இருந்தது. நான் திருப்பத்தை நெருங்கும்போது குரல் நின்றுவிட்டது. பிறகு ஓர் ஆண் பேர். அதை முழுதாகச் சொல்ல முடியாமல் குரல் உடைந்தது. மறுபடி சொன்னது, இந்தத் தடவை முழுதாக. அந்தப் பேரை நான் எழுதப்போவதில்லை. நான் திருப்பத்தைத் தாண்டி அந்த வீட்டுக்கு நேரே வந்து நின்றேன்.

வாசற்படியில் மாக்சிக் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று நான் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. அவர் படியிலிருந்து ஒதுங்கி நின்று, திரையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தார்.

"மாரி, மாக்கான்" என்றார். வா, சாப்பிடு. அவ்வளவு மலாய் எனக்குத் தெரியும்.

மலாக்காக்காரர்கள் எப்பேர்ப்பட்டவர்கள், தெருவில் போகிறவனைக் கூப்பிட்டுச் சோறு போடுகிறார்களே என்று உருகிப்போய் உள்ளே போனேன். என் முதல் தவறு அது. உள்ளே தரையில் பாய் விரித்து வரிசையாக வாழை இலை போட்டிருந்தது. எல்லா இலையிலும் சோறு, மீன், கோழி, சம்பால், பலகாரம். ஓர் இலைப் பக்கம் வெற்றிலை, ஒன்றின் பக்கம் ஒரு கிளாஸ் பிராந்தி, ஒன்றின் பக்கம் தட்டில் பற்றவைத்த சுருட்டு. சாப்பிட ஒருவரும் இல்லை. திரை பின்னால் விழுந்தது. அவர் உள்ளே வரவில்லை, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போகிற காலடிச் சத்தம் கேட்டது.

பந்தியில் முதல் இலையில் உட்காருவது மரியாதையில்லை என்று கடைசி இலையில் உட்கார்ந்தேன். அதன் பக்கம் ஒரு புட்டி ஆரஞ்சுத் தண்ணீரும் இரண்டு சிகரெட்டும் வைத்திருந்தார்கள். என் வயதுக்காரன் எவனுக்கோ வைத்தது என்று புரிந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு சாப்பிட்டேன். ருசியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சம்பால் காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆரஞ்சை எடுத்து மடமடவென்று குடித்தேன். அப்போதுதான் பக்கத்து இலையின் சுருட்டு கண்ணில் பட்டது. நுனி சிவந்தது, மங்கியது, சற்று நேரம் கழித்து மறுபடி சிவந்தது. யாரோ நிதானமாக இழுப்பதுபோல இருந்தது. காற்று என்று அப்போது சொல்லிக்கொண்டேன், இப்போதும் அதையேதான் சொல்கிறேன். திரை மட்டும் ஆடவே இல்லை.

பலகைத் தடுப்புக்கு அப்பால் பலபேர் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. எழுந்து ஓடிவிடலாமா என்று தோன்றியது. சாப்பிட்ட இலையை விட்டு ஓடுவது அநாகரிகம் என்று உட்கார்ந்திருந்தேன். போதாக்குறைக்கு ஒரு சிகரெட்டையும் பற்றவைத்தேன்.

பின்கட்டில் கை தட்டினார்கள். கதவு திறந்து எல்லோரும் உள்ளே வந்தார்கள். பெரியவர்களும் பிள்ளைகளுமாக நின்றுபோனார்கள். மற்ற இலைகள் தொடாமல் கிடக்கின்றன. ஓர் இலை மட்டும் வழித்துத் துடைத்துக் கிடக்கிறது. அதன் முன்னால் ஓர் இளைஞன் புகைவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். யாரும் கத்தவில்லை. ஒரு பிள்ளை மட்டும் தன் அம்மாவின் சாரோங்குக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

மாக்சிக் என் கால்களையே பார்த்தார். பிறகு மெதுவாக வந்து என் முன்னால் குந்தினார். இத்தனை நல்லவர்களுக்கு நாம் யார் என்றாவது சொல்லவேண்டாமா என்று நான் மலாயில் ஆரம்பித்தேன், என் பேர் இன்னது என்று. பேர் வாயிலிருந்து வருவதற்குள் அவர் கை என் வாயைப் பொத்திவிட்டது. அவ்வளவு வேகம். இஞ்சியும் சாம்பிராணியும் மணக்கிற கை. எடுக்கவே இல்லை. என் மூச்சு அவர் உள்ளங்கையில் பட்டுக்கொண்டே இருந்தது.

"ஜாங்கான்" என்றார். வேண்டாம்.

தம்பிதான் என் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். பெரிய ரோட்டில் விளக்கு வெளிச்சம் வந்ததும் நின்றார்.

"தம்பி தமிழ் ஆள்தானே? படையல் தெரியும்தானே?"

"தெரியும்ணே."

"நாங்க அத பார்ச்சுன்னு சொல்லுவோம். நம்ம செத்துப்போனவங்கள ஒவ்வொருத்தரா பேர் சொல்லிக் கூப்பிட்டு எலை போட்டு வைப்போம். அவங்க மாக்கான் பண்ணி முடிக்கிறவரைக்கும் வீட்டுல யாரும் இருக்கக்கூடாது, பின்னால போயி வாயை மூடிக்கிட்டு ஒக்காந்துருக்கணும். அப்பறம்தான் நாங்க சாப்பிடுவோம். நீங்க ஒக்காந்த எலை அக்கா மவனோடது."

கழுவாத வலது கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

"ஜப்பான்காரன் சியாம் ரயில் ரோட்டுக்குப் பிடிச்சிட்டுப் போனான். ஒங்க வயசுதான் அப்ப. போனவன்தான். செத்துட்டானா இருக்கானான்னே தெரியாது. எலை போடு, பாவம் பசியோட நிப்பான்னு சொந்தக்காரங்க எல்லாரும் சொன்னாங்க. அக்கா போடல. எலை போட்டா செத்தவன்னு ஆயிரும்னு வருஷா வருஷம் சண்டை. இந்த வருஷம்தான் மனசு விட்டுப்போச்சு. மொத தடவையா அவன் பேரையும் கூப்பிட்டா. கூப்பிட்ட வாய மூடல, நீங்க வந்து நிக்கிறீங்க."

அந்த இரவு ஓட்டல் அறையில் நான் விளக்கை அணைக்கவில்லை. காலையில் முதல் பஸ்ஸில் சிங்கப்பூர் திரும்பினேன். மலாக்காவில் என்ன பார்த்தாய் என்று பெரியப்பா கேட்டார். கோட்டை பார்த்தேன் என்றேன்.

மறு வருஷமும் போனேன். ஜனவரி பிறந்ததும் சாப்பாடு இறங்கவில்லை. நடுவில் மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து, சோற்றுப் பொட்டலச் சோதனையும் தளர்ந்திருந்தது. மலாக்காவில் தோரணக் கம்புகள் இன்னும் நின்றன. தெருவே மெர்டேக்கா என்று கத்தியபோது மாக்சிக்கும் வாசலுக்கு வந்து கத்தினாராம். அது யாருடைய பேரும் இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம் என்றாராம்.

போகியன்று மதியமே போய்விட்டேன். வாசலில் ஒருவர் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். பாதி நரைத்த தலை, ஒரு கால் கொஞ்சம் இழுக்கும். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானா அது? என் சோத்தத் தின்ன ஆளு?"

நல்ல எஸ்டேட் தமிழ். அந்த வீட்டில் தம்பியைத் தவிர யாருக்கும் தமிழ் வராதே என்று நான் விழித்தேன். ரயில் ரோட்டில் தோட்டத்துத் தமிழர்களோடு மண் சுமந்து, காய்ச்சலில் கிடந்து கற்றுக்கொண்ட தமிழ் அது. இவர்தான் மகன். இதே தெருவிலிருந்து கூடவே போன சிநேகிதன் இவர் மடியில் செத்தானாம். அவனுடைய தாய் முகத்தில் எப்படி விழிப்பது என்று சியாமிலேயே ஒரு மர ஆலையில் தங்கிவிட்டார். அந்தத் தாய் காலமானதை யாரோ சொல்லக் கேட்டு, மெர்டேக்கா கொண்டாட்டத்தோடு கொண்டாட்டமாக வீடு வந்து சேர்ந்திருந்தார்.

"வந்து மாக், அம்மான்னு கால்ல விழுந்தேன்யா. நான்தான்னு பேரச் சொல்ல வாயத் தொறந்தா, கையால பொத்துறா. தெத்தாமு, விருந்தாளி, ஒக்காருன்னு தண்ணி குடுக்குறா. இன்னிவரைக்கும் விருந்தாளிதான். நல்ல மீன்துண்டெல்லாம் எனக்குத்தான். போர்வை எனக்குத்தான். மவன்னு மட்டும் சொல்ல மாட்டேங்குறா. மவன் போன வருஷம் வந்து சாப்புட்டுட்டுப் போயிட்டானாம்."

அரிவாளைக் கீழே போட்டார். "நான் செத்துட்டேன்னு ஒன்னப் பாத்து முடிவு பண்ணிட்டா. நீயே போய்ச் சொல்லு. நீ பஸ்ஸுல வந்த ஆளுன்னு சொல்லு. நீ வேற ஆளுன்னு ஆயிட்டா, நான் உசுரோட இருக்கேன்னு ஆயிரும்ல?"

எனக்கு அழுகை வந்தது. ஒரு வேளைச் சோற்றில் ஒரு மனிதனின் அம்மாவையே பிடுங்கிக்கொண்டேனே என்று நேரே பின்கட்டுக்குப் போனேன். மாக்சிக் அம்மியில் சம்பால் அரைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த மலாயையெல்லாம் திரட்டிச் சொன்னேன். நான் உயிரோடு இருக்கிறவன். சிங்கப்பூரில் ஜவுளிக்கடையில் வேலை. பசிக்குச் சாப்பிட்டேன். உங்கள் மகன் வெளியே தேங்காய் உரிக்கிறார்.

அவர் அரைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும். போன வருஷமே தெரியும். ஒன் மூச்சு என் கையில சுட்டுச்சே."

"அப்புறம் ஏன் மாக்சிக்?"

இப்போதுதான் நிறுத்தினார். வெளிவாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"உசுரோட இருக்குற புள்ளைய, பெத்த வாயாலேயே செத்தவங்க பந்திக்குக் கூப்புட்டுட்டேன். கூப்புட்டா வரணும். வரலன்னா, மத்த எலையில ஒக்காந்தவங்க எந்திரிச்சுத் தேடிப் போவாங்க, நம்ம புள்ளைய எங்க காணோம்னு. அன்னிக்கி நீ வந்த. அந்தப் பேருக்கு நீ வந்து ஒக்காந்து சாப்புட்ட. அவங்க பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கிட்டாங்க. இதுதான் அவன்னு நெனச்சுக்கிட்டாங்க. அதனாலதான் அவன் வீடு வந்து சேந்தான்."

சுருட்டு நுனி எனக்கு ஞாபகம் வந்தது.

"ஒருதடவ போட்ட எலைய நிறுத்த முடியாது. வருஷா வருஷம் போடணும், வருஷா வருஷம் அதுல ஆள் இருக்கணும். அந்த எலையில ஒக்காருறவனுக்கு அந்தப் பேர் இல்ல. அந்தப் பேர் உள்ளவன இந்த வீட்டுல யாரும் அப்படிக் கூப்புடறதில்ல. தேடி வந்தா யாரப் புடிப்பாங்க?"

"அப்போ எனக்கு ஒண்ணும் ஆகாதா?"

வெட்கத்தை விட்டுத்தான் கேட்டேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது அன்புதான், எனக்குச் சந்தேகமில்லை.

"ஒன் பேர் எனக்குத் தெரியாதே. இந்த வீட்டுல யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியாத பேர அவங்க எங்க போயி கேப்பாங்க? சொல்லாத. எந்தக் காலத்துலயும் சொல்லாத."

நான் படித்தவனில்லை, முட்டாளும் இல்லை. இதையெல்லாம் நம்பினேனா என்று கேட்டால், அந்த அம்மியின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது நம்பினேன். ஒரு தாய் தன் வாய்தவறிய ஒரு வார்த்தையைச் சுற்றி இத்தனை காவல் போட்டிருக்கிறாள். அதில் நானும் ஒரு காவல்காரன். பயமாகவும் இருந்தது, யாரோ என்னை இத்தனை கவனமாக மறைத்துவைக்கிறார்கள் என்று ஒரு நிம்மதியாகவும் இருந்தது. என் சொந்த வீட்டில்கூட எனக்கு அது கிடைத்ததில்லை.

வெளியே வந்து மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு தன் அம்மாவுக்குக் கேட்கும்படியாக, "விருந்தாளிக்குத் தாகமா இருக்கு, தண்ணி வேணும்" என்று மலாயில் குரல் கொடுத்தார். உள்ளேயிருந்து மாக்சிக் ஓடி வந்தார். தண்ணீர்க் குவளையைக் கொடுக்கும்போது மகனுடைய விரல்களை அவர் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன்.

அன்று பொழுது சாய்ந்ததும் பேர் கூப்பிட்டார்கள். கடைசிப் பேருக்கு நான் தெருவிலிருந்து நடந்து வந்தேன். மகன் பின்கட்டில் மற்றவர்களோடு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிடும்போது நான் பக்கத்து இலைகளைப் பார்க்கவில்லை. யாரோ என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததுபோல இருந்தது. நன்றாகப் பார்க்கட்டும் என்று முகத்தை விளக்குக்கு நேராக வைத்துக்கொண்டேன்.

அப்படிச் சில வருஷங்கள் போயின. மகன் கூரை மாற்றினார், கிணற்றைத் தூர்வாரினார், ஒரு நல்ல பெண்ணைக் கட்டிக்கொண்டார். கல்யாணத்தில் மாக்சிக் விருந்தாளி வரிசையில் நின்று அட்சதை போட்டாராம். பிள்ளை பிறந்தபிறகு 'விருந்தாளி வீட்டுக் குழந்தை' என்று நாள் முழுக்க மடியில் வைத்திருப்பாராம். இதையெல்லாம் பார்த்துத் தெருவில் சிலர் கேலி செய்தார்கள். மகன் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

பிறகு ஒருநாள், போகிக்கு ரொம்ப நாள் இருக்கும்போதே, மலாக்காவிலிருந்து சரக்கு எடுக்க வந்த ஒருவர் கடையில் வந்து சொன்னார். காஜா பெராங் வீட்டில் அந்த அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார், உங்களை வரச்சொன்னார்கள், உங்கள் பேரைக் கேட்டால் அவர்களுக்கே தெரியவில்லை, நாகப்பட்டினத்து ஆள் என்று விசாரித்துக்கொண்டு வந்தேன் என்றார். நான் அன்றைக்கே புறப்பட்டேன்.

போய்ச் சேர்ந்தபோது நடுப்பகல். கூடத்தில் படுக்கவைத்திருந்தார்கள். உடம்பு ஒரு பிள்ளையளவு சுருங்கியிருந்தது. தம்பி தலைமாட்டில் இருந்தார். மகன் கால்மாட்டில் நின்றார். பல மாதமாகப் பேச்சில்லை என்றார்கள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, சுவரோரமாக, ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டு போனார். பந்தியில் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதுபோல இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, எனக்குத் தைரியமில்லை.

பிறகு என் கையைப் பிடித்தார். அந்த உடம்பில் எங்கே இருந்ததோ அத்தனை பலம். எழுந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை. படுத்தபடியே, தெருவுக்குக் கேட்கிற குரலில், மகன் பேரை என் முகத்துக்கு நேராகச் சொல்லிக் கூப்பிட்டார். கொஞ்சமும் உடையாத குரல். அறையில் இருந்த எங்களுக்காக அவர் கூப்பிடவில்லை, சுவரோரம் வந்து நின்றவர்களுக்கு இதுதான் அவன் என்று காட்டத்தான் கூப்பிட்டார், அது எனக்கு அப்போதே புரிந்தது. பதிலுக்குக் காத்திருந்தார். கண்கள் சுவரோரமாகவே இருந்தன.

கால்மாட்டில் ஒரு சத்தம் எழுந்து பாதியில் நின்றது. நான் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "இருக்கேன் மாக்" என்று உரக்கச் சொன்னேன். மறுபடி கூப்பிட்டார். மறுபடி நான்தான் பதில் சொன்னேன். அந்தப் பேருக்கு உரியவர், வாய்க்குள் துண்டைத் திணித்துப் பற்களால் கடித்துக்கொண்டு, பெற்றவள் கூப்பிடக் கூப்பிடப் பேசாமல் நின்றார்.